பாட்டிலைத் தள்ளிவிட்ட பிள்ளை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து கண்ணயரும் நேரத்தில் சென்னையிலிருந்து என் தம்பி மகள் போன் செய்தாள். "பெரியப்பா, பெரியம்மாகிட்ட குடுங்களேன்" என்றாள். குரலே சரியில்லை.

அவளுக்கு நாலரை மாதக் கைக்குழந்தை. பிரசவத்துக்கு முன்பே ஆறு வாரம் விடுப்பு எடுத்துவிட்டதால், சட்டப்படி கிடைக்கும் 26 வாரம் இன்னும் 12 நாளில் முடிகிறது. பிறகு ஆபீஸ் போயாக வேண்டும். ஒரு மாதக் குழந்தையாக இருந்தபோது பாட்டிலில் கொடுத்த பாலைச் சமர்த்தாகக் குடித்தவள், இப்போது பாட்டிலைக் கண்ணால் கண்டாலே உடம்பை வில்லாக வளைத்துக் கத்துகிறாளாம். மூன்று விதமான பாட்டில், நாலு விதமான நிப்பிள் வாங்கிப் பார்த்தாயிற்று. "நான் வேலையை விட்டுடணுமா பெரியம்மா?" என்று அழுதாள்.

என் மனைவி அரை மணி நேரம் பேசினாள். கடைசியில், "உங்க பெரிய அண்ணனும் இப்படித்தான்டி பண்ணினான்" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பார்வைக்கு ஒரு காரணம் உண்டு. 45 வருஷத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாதது. ஆனால் பாட்டில் நம் வீடுகளுக்கு எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுதாகப் புரியும்.

தாய்ப்பால் இல்லாத இடத்தில் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்ற கவலை மனிதனோடு பிறந்தது. வசதியுள்ள வீடுகளில் செவிலித்தாய் இருந்தாள். மற்ற வீடுகளில் ஆட்டுப்பாலும் பசும்பாலும். ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் குழந்தைகளின் கல்லறைகளில் மூக்கு வைத்த சின்னச் சின்ன மண் கலங்கள் கிடைத்தன. ஏறத்தாழ 2,500 முதல் 3,200 வருஷம் பழமையானவை. அவற்றின் உட்புறத்தைச் சுரண்டிச் சோதித்தபோது மாடு, ஆடு போன்ற பிராணிகளின் பால் படிந்திருந்த தடயம் தெரிந்தது. இந்த ஆராய்ச்சி 2019-இல் வெளிவந்தது. அத்தனை காலத்துக்கு முன்பும் ஏதோ ஒரு தாய் பிள்ளைக்குப் பால் புகட்டத் தவித்திருக்கிறாள்.

நம் பக்கத்தில் அந்த மூக்குக் கலம்தான் சங்கு. சில ஊர்களில் பாலாடை என்பார்கள். வெள்ளியிலோ வெண்கலத்திலோ செய்தது. தோணி மாதிரி ஒரு குழி, ஒரு பக்கம் நீண்டு ஒடுங்கிய மூக்கு. ஐந்து முதல் பத்து மில்லி பிடிக்கும். அம்மா வீட்டுச் சீரில் அதற்கு ஓர் இடம் உண்டு. பாட்டிமார் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் சாய்த்துக்கொண்டு, கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகப் பாலை விடுவார்கள். பக்கத்துச் சீர்காழியில் ஞானசம்பந்தருக்கு அம்பாளே ஞானப்பாலைப் பொற்கிண்ணத்தில்தானே கொடுத்தாள் என்று என் அம்மா வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பாட்டில் மேல்நாட்டுச் சரக்கு. 19-ஆம் நூற்றாண்டில் ரப்பரும் கண்ணாடியும் மலிவானதும் அங்கே விதவிதமான பால் பாட்டில்கள் வந்தன. அதில் ஒரு வகை, பாட்டிலிலிருந்து நீளமான ரப்பர்க் குழாய் போகும். அதன் நுனியில் காம்பு. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக் குழாயை வாயில் வைத்துவிட்டால் அதுபாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கும், தாய் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் அந்தக் குழாயின் உட்புறத்தை யாராலும் சுத்தம் செய்ய முடியவில்லை. பால் தேங்கிக் கிருமி மண்டிப் பிள்ளைகள் செத்தார்கள். அதற்குக் 'கொலைகார பாட்டில்' என்றே பெயர் விழுந்தது. பிரான்ஸில் 1910-இல் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள்.

பால் மாவின் கதையும் அதே காலத்ததுதான். சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்ரி நெஸ்லே, பாலும் கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்த குழந்தை உணவை 1867-இல் உருவாக்கினார். தாய்ப்பால் இல்லாத பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அது வந்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிற்பாடு, பால் சுரக்கும் தாய்மாரையும் டப்பாவின் பக்கம் திருப்பியதில்தான் வினை வந்தது.

நம் நாட்டில் வெகுகாலம் டப்பாப் பால் என்றால் சீமைச் சரக்கு. எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குஜராத்தில் ஆனந்த் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில், குரியனின் சகாவான ஹரிசந்த் தலாயா அதைச் செய்து காட்டினார். 1955-இல் நேரு வந்து அந்தத் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். அடுத்த சில வருஷங்களில் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டுபிடித்துக் கொடுக்க, அமுல் டப்பா கடைக்கு வந்தது. கொழுகொழு என்றிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் இன்றைக்கும் 'அமுல் பேபி' என்கிறோம் அல்லவா? அந்த அளவுக்கு அது நம் பேச்சிலேயே கலந்துவிட்டது.

இனி என் கதை.

1978. கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குத் தெற்கே ஒரு வாடகை வீடு. நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம். பிரசவ விடுப்பு அப்போது மூன்று மாதம். பெரியவனுக்கு இரண்டரை மாதமானதும் அவள் வேலைக்குத் திரும்பினாள். ஷிப்ட் டியூட்டி. வீட்டில் என் அம்மா இருந்தாள்.

அலுவலக நண்பர்கள் சொன்னபடி ஒரு டப்பா மாவும் கண்ணாடிப் பாட்டிலும் வாங்கினேன். தோணி வடிவப் பாட்டில், இரண்டு முனையிலும் வாய், ஒன்றில் நிப்பிள், மற்றதில் ரப்பர் மூடி. உங்களில் பலர் வீட்டிலும் அது இருந்திருக்கும். டப்பா எப்போதும் கிடைக்காது. மருந்துக் கடைக்காரரிடம் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும். முதல் டப்பா வந்த அன்று எங்கள் வீட்டில் ஏதோ பட்டம் வாங்கி வந்த மாதிரி ஒரு பெருமை. அம்மா மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சங்கு இருக்கேடா" என்றாள். "அதெல்லாம் பழைய காலம்மா. மூக்கைப் பிடிச்சு ஊத்திப் புரையேறினா என்ன பண்றது?" என்றேன். அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. படித்த பிள்ளை சொல்கிறான் என்று நினைத்திருப்பாள்.

ஒரு மாதம் பிள்ளை நன்றாகக் குடித்தான். மூன்றரை மாதம் இருக்கும், ஒருநாள் காலையில் பாட்டிலை நாக்கால் தள்ளினான். மறுநாள் தலையைத் திருப்பிக்கொண்டான். நாலாம் நாள் பாட்டில் கண்ணில் பட்டதும் அழுகை. நிப்பிளில் ஓட்டை சிறிதாக இருக்கிறது என்று ஊசியைக் காய்ச்சிப் பெரிதாக்கினேன். ஓட்டை பெரிதானதும் பால் கொட்டி மூச்சுத் திணறினான். சர்க்கரை கூட்டிப் பார்த்தோம். அம்மா கையைப் பிடித்துக்கொள்ள நான் வாயில் திணித்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. மனைவி டியூட்டி முடிந்து வரும்வரை அரைப்பட்டினியாகக் கிடந்து, அவள் வாசல்படி ஏறியதும் தாவுவான்.

ஐந்தாவது மாதத் தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு கண்டது. ஒரே நாளில் கண் உள்ளே போய், உச்சிக்குழி குழிந்துவிட்டது. ரிக்‌ஷா பிடித்து ஒரு வயதான பெண் டாக்டரிடம் ஓடினோம். அவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "பாட்டிலா?"

"ஆமாம்."

"எப்படிக் கரைக்கிறீங்க?"

என் மனைவி, "டப்பாவில் போட்டிருக்கிறபடிதான் டாக்டர்" என்றாள். பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்கதான் கரைக்கிறீங்களா? ஒரு அவுன்ஸுக்கு ஒரு கரண்டி போடறீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

அது பொய். ஐந்து அவுன்ஸ் தண்ணீருக்கு நான் போட்டது மூன்று கரண்டி. ஒரு வாரத்தில் தீர வேண்டிய டப்பா பத்து நாள் வர வேண்டும் என்பதற்காக. என் சம்பளம் ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. தங்கை கல்யாணக் கடன் வேறு. அது மட்டுமல்ல, காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போதே ஒருநாள் பாலை மொத்தமாகக் கரைத்துப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போவேன், அம்மாவுக்கு வேலை மிச்சம் என்று. வெதுவெதுப்பான பால் பகல் முழுக்கப் பிளாஸ்கில் இருந்தால் கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது என்பது எனக்கு அன்று தெரியாது. ஆனால் மூன்று கரண்டி என்பது தெரிந்தே செய்தது.

பிள்ளை மூன்று நாள் படுக்கையில் இருந்து பிழைத்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "அந்த பாட்டிலைத் தூக்கிக் கிணத்துல போடுங்க. வீட்டுல சங்கு இல்லையா?" என்றார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "இருக்கும்மா" என்றாள்.

அந்த டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தை அன்று நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. பின்னாளில் படித்தபோதுதான் புரிந்தது. பிறந்த குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் உறிஞ்சுவது அனிச்சைச் செயல். வாயில் எது பட்டாலும் உறிஞ்சும். அதன்பின் அந்த அனிச்சை மெல்ல மெல்ல மறைந்து, வேண்டும் வேண்டாம் என்பதைப் பிள்ளையே தீர்மானிக்க ஆரம்பிக்கும். நேற்று வரை குடித்தது இன்று ஏன் மறுக்கிறது என்று நாம் திகைப்பது அந்த நேரத்தில்தான். சளியில் மூக்கடைப்பு, காதுவலி, வாயில் வெள்ளை படிந்த புண், பாலின் வாடை, ரப்பரின் வாடை, பால் வரும் வேகம், இதில் எதுவாகவும் காரணம் இருக்கலாம். அப்போது திணித்தால் பாட்டில் என்றாலே பயம் என்று அதன் மனத்தில் பதிந்துவிடும். நாங்கள் செய்தது அதைத்தான்.

அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து சங்கை எடுத்தாள். பிறந்த புதிதில் உரைமருந்து புகட்டவும், பிறகு எப்போதாவது விளக்கெண்ணெய் கொடுக்கவும் மட்டும் எடுத்தது. புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்க வைத்தாள். டாக்டர் சொன்னபடி மனைவி காலையில் டியூட்டிக்குப் போகுமுன் தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்தாள். அது போதாதபோது சரியான அளவில் கரைத்த மாவுப்பால், ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக. பிள்ளையை நிமிர்த்தி மடியில் சாய்த்துக்கொண்டு, சங்கின் மூக்கை உதட்டோரம் வைத்து, அவன் விழுங்கினால்தான் அடுத்த சொட்டு. நான் பயந்ததுபோல் மூக்கையும் பிடிக்கவில்லை, தொண்டையிலும் ஊற்றவில்லை. முதல்நாள் நாலைந்து சங்குதான் குடித்தான். மூன்றாம் நாள் தானே வாயைத் திறந்தான். "சங்குல ஊத்தினாத்தான் தீர்த்தம்" என்றாள் அம்மா. அவள் என்னைக் குத்திக்காட்டிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் வீட்டில் நடந்தது எங்கள் வீட்டோடு போகவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. 1939-லேயே சிங்கப்பூரில் ரோட்டரி சங்கக் கூட்டம் ஒன்றில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், பச்சைப் பிள்ளைகளுக்குத் தித்திப்பு டப்பாப் பாலைத் தகுந்த உணவு என்று விற்பது கொலைக்குச் சமம் என்று பேசியிருக்கிறார். அவர் பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. 1974-இல் இங்கிலாந்தில் 'வார் ஆன் வான்ட்' என்ற அமைப்பு, ஏழை நாடுகளில் டப்பாப் பால் விற்பனையால் பிள்ளைகள் சாவதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டது. அதில் சொன்ன காரணங்கள்: சுத்தமில்லாத தண்ணீர், கொதிக்க வைக்க விறகோ அடுப்போ இல்லாதது, டப்பா நாள்பட வர வேண்டும் என்று மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவது. இதைப் பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகைக் கட்டுரையில் படித்தபோது நான் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். என்னைப் பற்றி யாரோ எழுதியது போல இருந்தது.

1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களை வாங்குவதில்லை என்று ஓர் இயக்கம் கிளம்பியது. 1981 மே மாதம் ஜெனீவாவில், தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் நெறிமுறையை உலக சுகாதார சபை ஏற்றது. ஆதரவு 118 நாடுகள், எதிர்ப்பு அமெரிக்கா ஒன்றே. நம் நாட்டில் 1992-இல் சட்டமே வந்தது. 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அதன்படி குழந்தைப் பால் மாவுக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது. டப்பாவில் பிள்ளை படமோ தாய் படமோ போடக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவிலேயே அச்சிட வேண்டும். கடையில் பாருங்கள், அந்தக் கொழுகொழு குழந்தை டப்பாவிலிருந்து காணாமல் போயிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. நாம் பட்டிக்காடு என்று பரணில் போட்ட சங்கு, ஆஸ்பத்திரிக்குள் மறுபடி நுழைந்துவிட்டது. எடை குறைவாகவும் நாள் குறைவாகவும் பிறந்த பிள்ளைகள் இருக்கும் பிரிவில் இன்று எவர்சில்வர் பாலாடையில்தான் பல இடங்களில் பால் கொடுக்கிறார்கள். 1999-இல் வந்த ஓர் இந்திய ஆய்வில், பாட்டில், கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டபோது பாலாடையில்தான் பச்சிளம் பிள்ளைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன, அமைதியாகவும் இருந்தன என்று கண்டார்கள். இடுக்கு இல்லாத சாமான். தேய்த்துக் கொதிக்க வைத்தால் தீர்ந்தது. நிப்பிளில் ஒளிந்துகொள்கிற கிருமிக்கு இதில் இடமில்லை.

பழையதெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றிப் புரையேறிப் போன பிள்ளைகளும் நம் ஊர்களில் உண்டு. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை என்று தொட்டு வைத்ததை இன்று டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள், அது சரிதான். எதில் கொடுக்கிறோம் என்பதைவிட, பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்போது நிறுத்துகிறோமா என்பதுதான் முக்கியம். என் பிள்ளை பாலை மறுக்கவில்லை. அந்த பாட்டிலை, அந்த அவசரத்தை, அந்தத் திணிப்பை மறுத்தான். நான் அதை அடம் என்று நினைத்தேன்.

தம்பி மகளுக்கு என் மனைவி சொன்னதும் ஏறக்குறைய இதேதான். முதலில் குழந்தை டாக்டரிடம் காட்டி வாய், காது, எடை பார்த்துக்கொள். இரண்டு மூன்று நாள் பாட்டிலையே கண்ணில் காட்டாதே. பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு நீ வேறு அறைக்குப் போ, உன் மாமியார் கொடுக்கட்டும். உன் வாசனை இருந்தால் அவள் வேறு எதையும் தொடமாட்டாள். பசித்துக் கத்தும்வரை காத்திருக்காதே, அரைத் தூக்கத்தில் இருக்கும்போது பாலாடையில் மெல்லக் கொடு. மூத்திரம் போவது குறைந்தாலோ, துவண்டு கிடந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதே. இன்னும் கொஞ்ச நாளில் ஆறு மாதம். கூழும் குழைந்த சாதமும் ஆரம்பித்தால் பாதி பாரம் குறையும்.

அவள் ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகு மறுபடி போன் வந்தது. ஆபீஸ் நேரத்தில் மாமியார் பாலாடையில் கொடுக்கிறாராம். பாதி சட்டையில், பாதி வயிற்றில். ஆனால் அழுகை இல்லை. சாயங்காலம் தாய் வந்ததும் விட்டதையெல்லாம் சேர்த்துக் குடித்துவிடுகிறாளாம். வேலையை விடும் பேச்சே இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் நான் மனைவியிடம் சொல்லிவிட்டேன். மூன்று கரண்டி விஷயத்தை. அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"டப்பா பத்து நாள் வந்துது. எனக்குக் கணக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியிலேயே புரிஞ்சுது. அப்புறம் டப்பாவை எடுத்து நான்தானே என் பீரோவுல வெச்சுக்கிட்டேன்."

அப்போதுதான் நினைவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் முதல் பால் கரைக்கும் வேலை என் கைக்கு வரவே இல்லை. அம்மாவுக்குப் பிளாஸ்க் வேலையும் இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

பெரியவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இதைப் படிப்பான். படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். அம்மாவின் வெள்ளிச் சங்கு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த வாரம் சென்னை போகும்போது எடுத்துப் போகிறோம். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும். தேடி எடுத்துத் தேய்த்து வையுங்கள். பேரன் பேத்தி வீட்டிலிருந்து என்றைக்காவது ஒரு போன் வரும்.